பாம்புக்கடிச் சாவுகள் கணக்கில் வரட்டும்

வயலில் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரி சேருமுன்பே உயிர்விடும் முப்பது வயது விவசாயத் தொழிலாளியின் சாவு எந்தக் கணக்கில் சேர்கிறது? 2005இல் இந்தியாவில் சுமார் 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக, வீடுவீடாகச் சென்று விசாரித்த 'பத்து லட்சம் மரணங்கள்' ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவமனைப் பதிவேடுகளில் இருந்ததோ அதில் சிறு பங்குதான். சாவுகளை மட்டும் எண்ணினாலும் போதாது. அகாலமாகப் பறிபோன ஆண்டுகளோடு, விரல் அழுகியோ சிறுநீரகம் பழுதாகியோ முடங்கிக் கிடக்கும் ஆண்டுகளையும் கூட்டினால்தான் உண்மையான நோய்ச்சுமை தெரியும். முப்பதில் போனவர் இழப்பது வாழ்வின் பெரும்பகுதியை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது நல்ல முடிவு. தனியார் மருத்துவமனைகள் தவறாமல் தகவல் தர வேண்டும். வீட்டிலும் வழியிலும் நேரும் சாவுகளையும் விசாரித்துப் பதிய அரசு உத்தரவிட வேண்டும்.