"உண்மையான ரசிகன்னா ஷேர் பண்ணு" - இது பாசமா, தூண்டிலா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2025 டிசம்பர் 27-ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நடிகர் விஜய்யின் 'ஜன நாயகன்' பாடல் வெளியீடு நடந்தது. அந்தச் சமயத்தில் நம்ம கோயில் புலனக் குழுவில் என்னென்ன வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். "உண்மையான ரசிகன்னா பத்து பேருக்கு ஷேர் பண்ணு." "இதைப் பார்த்து கண் கலங்காதவன் தமிழனே இல்லை." பூஜை நேரமும் அன்னதான விவரமும் போடும் குழுவில் இது வேண்டாமே என்று சொன்னோம். சிலருக்குக் கோபம். "ரசிகர்கள் பாசத்துல போடறாங்க, இதுல என்ன ஏமாத்து வேலை இருக்கு?" என்று கேட்டார்கள்.

பாசத்தில் தப்பே இல்லை. எங்கள் தொண்டர்களிலேயே விஜய் ரசிகர் உண்டு, ரஜினி ரசிகர் உண்டு. அந்தப் பாசத்தைப் பிடித்து இழுத்து வேலை வாங்குகிற பதிவைத்தான் தப்பு என்கிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களில் பல பேர் பேக்டரியில் வேலை செய்கிறவர்கள். பெட்டி மேல் 'நம்பர் 1 தரம்' என்று எழுதியிருந்தால் அதை நம்பி கையெழுத்துப் போட மாட்டோம். பிரித்துப் பார்ப்போம். பதிவையும் அப்படிப் பாருங்க.

1. என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் சொன்னது என்று இருக்கா?
2. விஷயத்தைச் சொல்லாமல், "நீ ரசிகனா, தமிழனா, பக்தனா" என்று உங்களைச் சோதிக்குதா?
3. உடனே அனுப்பு, இல்லாட்டி கெட்டது நடக்கும் என்று அவசரப்படுத்துதா?

முதல் கேள்விக்குப் பதில் இல்லை, மற்ற இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அது தூண்டில்தான். நாங்கள் மட்டும் சொல்லவில்லை. லைக் போடு, ஷேர் பண்ணு, டேக் பண்ணு என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று 2017 டிசம்பரில் ஃபேஸ்புக்கே அறிவித்தது. அதே ஃபேஸ்புக், அதே 2017-இல், கோப முகத்துக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து வைத்திருந்தது 2021-இல் வெளியே வந்தது. உங்க கோபமும் கண்ணீரும் அவனுக்கு வியாபாரம்.

விளையாட்டுதானே என்கிறவர்கள் கரூரை நினைத்துப் பாருங்க. 2025 செப்டம்பர் 27. கூட்டத்துக்கு அனுமதி மாலை 3 மணிக்கு மேல்தான். ஆனால் 12 மணிக்கே வருவார் என்று கட்சியின் சமூக ஊடகப் பக்கத்தில் அறிவிப்பு வந்ததால் காலை 11 மணியிலிருந்தே ஜனங்கள் சேர்ந்தார்கள், அவர் வந்தது இரவு 7.40-க்கு என்று தமிழகப் பொறுப்பு டிஜிபி வெங்கடராமன் சொன்னார். எதிர்பார்த்தது 10,000 பேர், வந்தது ஏறக்குறைய 27,000 பேர். 41 உயிர் போய்விட்டது. அதில் குழந்தைகளும் உண்டு. யார் குற்றம் என்பதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும். ஆனால் ஒரு பதிவில் போடுகிற நேரத்தை நம்பி நிஜ மனிதர்கள் வெயிலில் நிற்கிறார்கள், இதை மறக்கக்கூடாது. அதற்குப் பிறகாவது சும்மா இருந்தார்களா? துக்கம் ஆறுவதற்குள் இரண்டு பக்கமும் வதந்தி. வதந்தி பரப்ப வேண்டாம் என்று அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலினே காணொளியில் கேட்டுக்கொள்ள வேண்டியதாப் போச்சு.

சினிமாக்காரங்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. திருநள்ளாறு மேலே செயற்கைக்கோள் நின்று போகுது, நாசாவே வியந்தது என்று வருஷக்கணக்கா அனுப்புறோம். நாசா அப்படிச் சொன்னதே இல்லை. சனீஸ்வரனுக்கு நாசா சர்டிபிகேட் எதுக்கு? "இந்த முருகன் படத்தைத் தள்ளிவிட்டுப் போகாதே, கஷ்டம் வரும்" என்பது பக்தியா? மிரட்டல். நடிகர் பேரை எடுத்துவிட்டு சாமி பேரைப் போட்டிருக்கு, அவ்வளவுதான்.

பத்துமலை நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. தைப்பூசத்தில் அந்த 272 படியில் கூட்டம் எப்படி நெரியும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் "மேலே அற்புதம் நடக்குது, உடனே வாங்க" என்று போட்டு, நாம் யோசிக்காமல் தட்டிவிட்டால் என்ன ஆகும்? பாலகுடம் எடுக்கிற அம்மாவும் தோளில் பிள்ளையை வைத்திருக்கிற அப்பாவும்தான் நடுவில் மாட்டுவார்கள்.

அதனால் இனிமேல் நம்ம குழுவில் இந்த மாதிரி பதிவு வந்தால், யார் போட்டாலும், தொண்டர்கள் நாங்கள் எடுத்துவிடுவோம். கோவிச்சுக்காதீங்க. சந்தேகம் இருந்தால் அனுப்புவதற்கு முன்னால் கோயிலுக்கு வரும்போது கேளுங்க. தலைவரைப் பிடிக்கும் என்றால் படத்தைப் போய் பாருங்க. முருகனைப் பிடிக்கும் என்றால் வெள்ளிக்கிழமை வாங்க, காய்கறி நறுக்க ஆள் பத்தலை.