கார்ட்டூன் பொம்மையை விடுங்கள், பெஞ்சைப் பாருங்கள்



கோடை விடுமுறை வந்தாலே நம் குப்பத்துப் பிள்ளைகள் "தீம் பார்க் போகலாம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். போய் வந்தவர்கள் கார்ட்டூன் பொம்மைகளோடு எடுத்த படங்களைப் போடுகிறீர்கள். உடனே சிலர், "வெளிநாட்டுப் பொம்மைக்குக் காசைக் கொட்டுகிறார்கள், நம் கலாசாரம் போச்சு" என்று எழுதுகிறீர்கள். எனக்கு வேறு கருத்து.

சோட்டா பீம் வெளிநாட்டுக்காரன் அல்ல. ஐதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் நிறுவனம் உருவாக்கி, 2008இல் டி.வி.க்கு வந்த, லட்டு தின்றால் பலம் பெறும் கிராமத்துப் பையன். தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர், 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' படம் எடுத்த நவோதயா அப்பச்சன். அவர் வைத்தது ராமாயணத்து வானரங்களின் ஊர்ப் பெயர். ஆகவே கலாசாரச் சண்டை வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் கார்ட்டூன் பகுதியை விட்டு வர மறுப்பது ஏன்? பெரிய ராட்டினங்களின் வாசலில் உயரம் அளக்கும் கோடு இருக்கிறது. அதைத் தொடாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை. கார்ட்டூன் பகுதி ஒன்றுதான் அவர்கள் உயரத்துக்குக் கட்டியது. தெரிந்த முகம் வேறு அங்கே நிற்கிறது.

வால்ட் டிஸ்னி தன் மகள்கள் ராட்டினம் சுற்றும்போது பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17இல் டிஸ்னிலேண்டு திறந்தது. நம் அப்பாக்களோ இன்னும் அதே பெஞ்சில்தான்! மடியில் பை, கையில் போன்.

நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. இரவில் கடலுக்குப் போய்ப் பகலில் தூங்கும் அப்பாவைப் பிள்ளை எப்போது பார்க்கும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏரியில் சிறு படகு ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த நாட்களில் வீட்டில் இருப்பார்கள். பள்ளிக்கும் விடுமுறை. நேரம் இருக்கிறது, காசு இல்லை. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். சென்னையைத் தாண்டிப் போய் 4 பேர் டிக்கெட் எடுத்துச் சாப்பிட்டு வந்தால் அதில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். முடிந்தவர்கள் போங்கள், ஆனால் பெஞ்சில் உட்காராதீர்கள். முடியாதவர்கள் கடன் வாங்கிப் போக வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கேயே ஓர் இடம் செய்யலாம். 2011 டிசம்பர் 25இல் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. குடும்பமாக மகிழ வந்தவர்கள் அவர்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை சரி. ஆனால் கரையில் பிள்ளைகளுக்கென்று என்ன செய்தோம்?

தண்ணீரிலிருந்து தள்ளி, வேப்ப மர நிழலில் கொஞ்சம் மணல். ஏறி விளையாட, ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய ஃபைபர் படகு, கூர்முனைகளைத் தேய்த்துவிட்டு. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஆடும் அகலமான ஊஞ்சல். சுவரில் சிரிக்கும் பூநாரை, கொடுக்கைத் தூக்கிய நண்டு, மீசை முறுக்கிய இறால். பீமை வரைய அவன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். நண்டை வரைய யாரிடம் கேட்க வேண்டும்? என்னிடம் படித்தவர்களில் நோட்டுப் புத்தக ஓரத்தில் படம் போட்டுத் திட்டு வாங்கியவர்கள் பலர். இப்போது சுவர் தருகிறோம், வாருங்கள்.

மே 1 அன்று கிராம சபை. தடைக்காலம்தான், ஆண்களும் ஊரில் இருப்பீர்கள். அவரவர் ஊராட்சியில் இதை மனுவாகக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். 'லைக்' மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், பழவேற்காடு