இலக்கம் கூறும் விடை

இணையத்தளங்களிலிருந்து தகவல்களைத் தாமாகவே திரட்டும் நிரல்களை எழுதும் ஆர்வம் நம் மாணவரிடையே பெருகி வருகின்றது. நன்று. ஆயினும், கேட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் தளம் முதலில் அனுப்பும் மூன்றிலக்க விடையை அவர்களுட் பலர் நோக்குவதேயில்லை.

அவ்விடையின் முதலிலக்கமே பெரும்பகுதியைச் சொல்லிவிடும். 2 எனத் தொடங்கின் கேட்டது கிடைத்தது. 3 எனின் பக்கம் வேறு முகவரியில் உள்ளது. 4 எனின் குறை கேட்டவர் பக்கத்தது. 5 எனின் வழங்கியின் பக்கத்தது. 404 வந்தால் அப்பக்கம் அங்கில்லை. மீண்டும் மீண்டும் கேட்பதாற் பயனில்லை. குறித்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்லலாம். 503 வந்தாலோ சிறிது பொறுத்துக் கேட்டால் கிடைக்கக்கூடும்.

403 என்பது மறுப்பு. தன்னை இன்னாரென்று அறிவியாத நிரல் மறுக்கப்படலாம் என விக்கிமீடியா நிறுவனம் தன் விதிகளிற் கூறியுள்ளது. நிரலின் பெயரையும் தொடர்புகொள்ளும் வழியையும் கோரிக்கையுடன் அனுப்பினாற் போதும். உலாவிபோல வேடமிட்டு நுழையும் வித்தையும் உண்டு. அதனை நாம் மாணவருக்குக் கற்பிப்பதில்லை.

மிகவும் கவனிக்கவேண்டியது 429. 'அளவுக்கு மிஞ்சிக் கேட்கின்றீர்' என்பது அதன் பொருள். 2012ஆம் ஆண்டிலேதான் இது நெறிமுறையிற் சேர்ந்தது. எத்தனை வினாடி பொறுக்கவேண்டும் என்பதையும் வழங்கி சிலவேளை உடன் அறிவிக்கும். அறிவித்தால் அவ்வளவும் பொறுத்தல் வேண்டும். அறிவியாதவிடத்து முதலில் 1 வினாடி, பின்னர் 2, 4, 8 என இடைவெளியை இரட்டித்துச் செல்வது வழக்கம். பல நிரல்கள் ஒரே கணத்தில் திரும்பிவந்து மோதாதிருக்க, ஒவ்வொரு இடைவெளியுடனும் சிறிது தற்செயலான நேரத்தையும் கூட்டுவர். சில முயற்சிகளுக்குப் பின் நிறுத்திவிடவும் வேண்டும். சிறிய நூலகமொன்றின் வழங்கியை ஒரு மாணவனின் நிரல் ஓயாது தட்டிக்கொண்டிருந்தால், அங்கே நூல் தேடும் ஏனையோர் காத்துக் கிடக்க நேரிடும்.

இவை யாவற்றிலும் ஏமாற்றுவது 200 என்னும் நல்ல விடையே. சில தளங்கள் பக்கம் இல்லாதபோதும் 200 என்றே விடையளித்து, 'தேடியது கிடைக்கவில்லை' என்னும் வாசகத்தை உள்ளே வைத்திருக்கும். நம் வகுப்பு மாணவரொருவர் கொணர்ந்த அட்டவணையிற் பல வரிகள் இவ்வொரே வாசகமாக இருந்தன. நிரல் ஒரு பிழையையும் காட்டவில்லை! இப்போது அவர் ஒவ்வொரு பக்கத்திலும் தமக்கு வேண்டிய தலைப்பு உள்ளதா என முதலிற் பார்க்கின்றார். இல்லாதவற்றை வேறொரு கோப்பிலிட்டு மாலையிற் கண்ணாற் படிக்கின்றார்.