பதுளைக் கோர்ட்டுக்கு இவ்வளவு புகழா?

வெள்ளைக்காரன் கொண்டுவந்த கோர்ட்டால் பதுளைத் தோட்டத்து ஆளுக்கும் நீதி கிடைத்ததாம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எந்த நீதி? இலங்கையின் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போனவரை நீதவான் மூன்று மாதம் வரை மறியலில் போட முடிந்தது. இங்கிலாந்திலோ, ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் வழக்கத்தை 1875லேயே பெரும்பாலும் கைவிட்டு, அதைச் சிவில் விவகாரமாக்கிவிட்டார்கள். பதுளை அடங்கிய ஊவா தனி மாகாணமானதே 1886இல். அப்போதும் இங்கே அந்தப் பழைய சட்டம்தான்.

முறைப்படி விலகியிருக்கலாமே என்பார் கட்டுரையாளர். அதற்குத் தோட்டத் துரை துண்டு எழுதித் தரவேண்டும்: ஆளின் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவோம் என்று. துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. கடன் கணக்கோ கங்காணி கையில். துண்டு ஒழிய 1921 ஆயிற்று. நீதவான் தங்கமான மனிதராகவே இருந்திருக்கட்டும். அவர் மேசையில் கிடந்தது துரைமாருக்காக எழுதிய சட்டம்.