நெருக்கடி என்றால் முதலில் நம் பிள்ளைகளின் பணமா?

நெருக்கடிக் காலம், இளைஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். எந்த இளைஞரைப் பொறுக்கச் சொல்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

1944-ஐப் பாருங்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டிருந்தனர். அந்த ஆண்டில்தான் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் இருந்த காலம் அது. வெள்ளைக்காரனுக்குப் போர்க்காலத்திலும் பணம் கிடைத்தது.

சுதந்திர இந்தியாவில் என்ன நடந்தது? 2017-18 முதல் 2019-20 வரை ஒன்றிய அரசு இத்திட்டத்துக்குத் தந்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய். மீதிச் சுமை மாநிலங்களின் தலையில். 2020 டிசம்பரில்தான் 60:40 பங்கீடு வந்தது. அப்போதும் குடும்ப வருமான உச்சவரம்பை 2.5 லட்சத்திலேயே விட்டார்கள். 10% இடஒதுக்கீட்டு 'ஏழை'க்கோ 8 லட்சம். தோழர்களே, ஏழ்மையை அளக்கும் படியிலும் சாதி இருக்கிறது.

அதே டிசம்பரில் சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-லேயே அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல். மற்ற அரசுக் கல்லூரிகளில் சில ஆயிரங்கள்தான். கொரோனாவில் கூலி இழந்த வீடு எங்கே போகும்? விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், மாணவர்கள் நகரவில்லை. 2021 பிப்ரவரியில் கட்டணம் குறைந்தது. 'நிதி இல்லை' என்ற பேச்சு எங்கே போனது?

அது எல்லா மாணவரின் போராட்டம். ஆனால் கட்டணம் என்ற சுவர் முதலில் யாரை வெளியே நிறுத்தும் என்பது நமக்குத் தெரியும். நந்தனாரைத் தீயில் இறங்கச் சொன்ன ஊர் இது. 1916-ல் சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த ஊரும் இதுதான்.

'உங்களுக்குத் திறன் போதவில்லை' என்று பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார்கள். படித்து முடித்தவன் கடலூர் சிப்காட்டிலும் நெய்வேலியிலும் ஒப்பந்தக் கூலியாக நிற்பது திறன் குறைவாலா?

நாம் கேட்பது சலுகை அல்ல. கட்டணம் கட்டும் தேதிக்கு முன் உதவித்தொகை வரவேண்டும். வரும்வரை எந்தக் கல்லூரியும் தேர்வையோ சான்றிதழையோ தடுக்கக்கூடாது. உச்சவரம்பு 8 லட்சமாக வேண்டும். கடலூர் மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியிலும் பணம் வந்த தேதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். இந்த வாரமே மனு எழுதுவோம்.

ஜெய் பீம்!