கிருமி தொண்டையிலா, மேஜையிலா?

2006-ம் வருஷம் அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லெபனான் என்ற ஊரில் நடந்த சங்கதி இது. அங்குள்ள டார்ட்மவுத்-ஹிட்ச்காக் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்கு இருமல் கண்டது. வாரம் இரண்டாகியும் நிற்கவில்லை. மற்ற சிப்பந்திகளும் இருமினார்கள். கக்குவான் இருமலோ என்று சந்தேகம் எழுந்தது. ஏறக்குறைய 1,000 ஊழியர்களுக்குப் பரிசோதனை. முடிவு தெரியும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று உத்தரவு! 142 பேரிடம், நோய் இருப்பதாகத் தெரிகிறது என்று சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு மருந்தும் தடுப்பூசியும் கொடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில்கூடச் சில படுக்கைகளை மூட நேர்ந்தது.

எட்டு மாதம் கழித்து நிர்வாகத்திடமிருந்து ஊழியர்களுக்கு ஒரு செய்தி வந்தது. கொள்ளைநோயே வரவில்லையாம்! கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் ஒருவரிடம்கூட அது உறுதிப்படவில்லை. வந்தது பெரும்பாலும் சாதாரணச் சளி இருமல்தான்.

இவ்வளவுக்கும் காரணம், பி.சி.ஆர். என்ற அவசரச் சோதனை ஒன்றை மட்டுமே நம்பியது. கிருமியின் டி.என்.ஏ. துணுக்கு ஒன்று அகப்பட்டால் போதும். யந்திரம் அதை இரண்டாக்கும், இரண்டை நான்காக்கும். இப்படி 30 சுற்று ஓடினால் ஒன்று நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். அருமையான கருவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முதல் துணுக்கு நோயாளியின் தொண்டையிலிருந்து வந்ததா, மேஜையிலிருந்து வந்ததா என்று யந்திரத்துக்குத் தெரியாது. ஆலைத் தோழர்களுக்கு நாம் விளக்கவா வேண்டும்? புளோரூமில் ஒரு பிடி சாயப் பஞ்சு பறந்து விழுந்தால், அப்புறம் எந்த நூலைப் பார்த்தாலும் கறைதான்.

மேஜையிலிருந்து வரக்கூடும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி உண்டு. கக்குவான் தடுப்பூசி மருந்துகள் சிலவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. ஆனால் அதன் டி.என்.ஏ. மிச்சம் இருக்கிறது. ஊசி மருந்தை எடுக்கும்போது சிந்தும் துளி மேஜையில் ஒட்டுகிறது, கையில் ஒட்டுகிறது. அதே கை அடுத்த குழந்தையின் மூக்கில் குச்சியை விட்டுச் சளி எடுக்கிறது. குழந்தைக்குக் கக்குவான் என்று யந்திரம் சொல்கிறது! இப்படிக் கிளம்பிய ஒரு பொய்க் கொள்ளைநோயைப் பற்றிய ஆராய்ச்சி 2012-ல் வெளியாயிற்று. குற்றத்தை நர்ஸின் தலையில் கட்டுவது சுலபம். ஊசிக்கும் சளிக்கும் ஒரே அறையைக் கொடுத்தது யார் என்று நாம் கேட்கிறோம்.

கிருமியை வளர்த்துப் பார்ப்பதும் தப்பாத சாட்சி அல்ல. காசநோய்ச் சோதனைச்சாலைகளில் ஒருவருடைய சளியிலிருந்து ஒரு துளி அடுத்தவர் குழாயில் தெறித்து, அங்கும் கிருமி வளர்ந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அந்த அடுத்தவர் கதி என்ன? ஆறு மாதம் மருந்து விழுங்க வேண்டும். அந்த மருந்து ஈரலைக் கெடுக்கவும் கூடும். வீட்டில் குழந்தையைத் தூக்கப் பயம். இருமலுக்கு உண்மைக் காரணம் வேறாக இருந்தால் அதைத் தேடுவாரும் இல்லை.

இதைக் காட்டி, கொள்ளைநோய் எல்லாமே டாக்டர்கள் கட்டிய கதை என்று சிலர் கிளம்பலாம். அந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. அதே கக்குவான் 2010-ல் கலிபோர்னியாவில் நிஜமாகவே வந்தது. 9,000 பேருக்கு மேல் பீடித்தது. 10 பச்சைக் குழந்தைகள் மாண்டன. நியூ ஹாம்ப்ஷயர் டாக்டர்கள் பதறியதில் தப்பில்லை. இரண்டாவது சோதனைக்குக் காத்திராமல் ஒன்றையே தீர்ப்பாக வைத்துக்கொண்டதுதான் தப்பு.

தடுக்கும் வழி ஒன்றும் தேவரகசியமல்ல. சளி எடுக்கும் இடம் வேறு, ஊசி மருந்து எடுக்கும் இடம் வேறு என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் நோயாளிகளின் குழாய்களோடு வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றையும் யந்திரத்தில் ஏற்ற வேண்டும். தண்ணீருக்கே நோய் என்று பதில் வந்தால் அந்த முடிவுகளை அப்படியே தள்ளிவிடலாம். இதற்கெல்லாம் அறை வேண்டும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவைக் குறைக்கிறோம் என்று கணக்கெழுதுகிறவர்கள் முதலில் கைவைப்பது இந்த மூன்றில்தான்.