கனவு காணச் சொல்கிறவர்கள் முதலில் பேருந்து விடட்டும்

தமிழ்நாட்டில் தன்னம்பிக்கைப் பேச்சு இன்று நன்றாக ஓடும் தொழில். பள்ளி ஆண்டு விழா, கல்லூரியின் முதல் நாள், போட்டித் தேர்வுப் பயிற்சி மையம், யூடியூப் என எங்கு திரும்பினாலும் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உனக்குள் இருக்கும் நெருப்பைக் கண்டுபிடி, உனக்குப் பிடித்ததைச் செய், மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எந்த ஊர், எந்தச் சாதி, வீட்டில் அடுத்த மாதத்துக்கு என்ன இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டியிருக்கும்.

ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. விரும்பிய வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பது சாதி ஒழிப்பு அரசியலின் பாதி. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாட்டையே ரத்து செய்துவிட்டதால் அண்ணல் அம்பேத்கர் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இதற்கு ஒரு முழு வாதம் இருக்கிறது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கிப் பூட்டிவிடுகிறது என்கிறார். பிறக்கும்போதே வேலை முடிவாகிவிட்ட சமூகத்தில் ஒருவருடைய விருப்பத்துக்கோ திறமைக்கோ இடமில்லை. மனமும் மூளையும் ஒட்டாத வேலையில் என்ன விளையும் என்று பொருளாதார நோக்கிலும் கேட்கிறார். ஆக, 'பிடித்ததைச் செய்' என்பவர் மனதார அதைச் சொல்கிறார் என்றால், அவர் எதிர்க்க வேண்டிய முதல் எதிரி சாதி. அந்த ஒரு சொல்லை மட்டும் இந்தப் பேச்சாளர்கள் வாயில் நான் கேட்டதே இல்லை.

நான் கொல்லிமலை குண்டனி நாட்டுக்காரன். மலையாளிப் பழங்குடி. எங்கள் மலையில் ஊர்களைச் சேர்த்து 'நாடு' என்போம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று பல. சுற்றுலா வருகிறவர்களுக்கு மலை என்றால் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும். எங்களுக்கு மலை என்றால் மாலையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது. பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுப்பதா, வீட்டுக்குச் சீக்கிரம் திரும்ப முடிகிற ஏதோ ஒரு பிரிவை எடுப்பதா என்பதை எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பேருந்துதான் முடிவு செய்கிறது. நான் படித்தபோது இயற்பியல் ஆசிரியர் பாதி ஆண்டு இல்லை. இல்லாத ஆசிரியரின் பாடத்தில் எனக்கு உள்ளார்வம் இருந்ததா என்று எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்?

சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குக் கீழிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து வந்திருந்தார்கள். நானும் பின்னால் நின்று கேட்டேன். நல்ல குரல், நல்ல நகைச்சுவை. ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். ஒரு பெண், "நர்ஸுங்க சார்" என்றாள். அடுத்தவள் டீச்சர். ஒருவன் போலீஸ். ஒரு பையன் ஜேசிபி ஓட்ட வேண்டும் என்றான். அரங்கமே சிரித்தது, பேச்சாளரும் சிரித்தார். பிறகு கொஞ்சம் கண்டிப்பாக, ஏன் இவ்வளவு சின்னதாகக் கனவு காண்கிறீர்கள், உங்கள் கனவை உங்கள் மலையைவிடப் பெரிதாக வையுங்கள் என்றார். கைதட்டல்.

எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து மாதச் சம்பளம் வாங்கும் எத்தனை பெண்களைப் பார்த்திருப்பாள்? ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், பள்ளிக்கூடத்து டீச்சர், அங்கன்வாடி அக்கா. அவ்வளவுதான். பிரசவ வலியோடு ஒருத்தியைத் தூக்கி வரும்போது அந்த நர்ஸ் இருக்கிறாரா இல்லையா என்பது உயிர்ப் பிரச்சினை என்பதும் அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவள் சொன்னாள். ஜேசிபி பையனின் ஊருக்கு மழைக்காலத்தில் வண்டி போகாது. பாதையை வெட்டித் தரும் இயந்திரத்தை ஓட்ட நினைப்பவனைவிடத் தீவிரமாக யோசித்த ஆள் அந்த அரங்கில் யாரும் இல்லை என்பேன், பேச்சாளரையும் சேர்த்து. பிள்ளைகள் கண்ணால் கண்டதை வைத்துத்தான் ஆசைப்படுகிறார்கள். மருத்துவரின் மகள் மருத்துவராக ஆசைப்பட்டால் அதை யாரும் 'பார்த்ததைச் சொல்கிறாள்' என்பதில்லை. லட்சியம் என்கிறார்கள்.

மலை இறங்கினால் நாமக்கல். முட்டைக்கும் லாரிக்கும் அடுத்து அந்த ஊர் பேர் வாங்கியது மதிப்பெண்ணுக்கு. மாநிலம் முழுவதிலிருந்தும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் அடைத்து, விடியும் முன்பிருந்து இரவு வரை உருப்போட வைத்து டாக்டர்களைத் தயாரித்த பள்ளிகளை 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே சொல்லும். நீட் வந்த பிறகு அதே கட்டடங்கள் பயிற்சி மையங்களாயின. 2019இல் அப்படி ஒரு நிறுவனத்தில் வருமான வரித் துறை நடத்திய சோதனையில் கணக்கில் வராத பணம் கோடிக்கணக்கில் சிக்கியது. இதற்கும் 'உள்ளார்வம்' என்றுதான் பெயர். பணம் கட்டியவரின் ஆர்வம் மதிப்பெண்ணாக மாறுகிறது. கட்ட முடியாதவரின் மதிப்பெண்ணுக்கே மதிப்பில்லாமல் போகிறது. அரியலூர் குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். அவருக்குக் கனவு இல்லையா, நெருப்பு இல்லையா, உழைப்பு இல்லையா? உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று நாம் அவரை இழந்தோம்.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பேச்சாளர்கள் யாராவது எனக்கு விளக்க வேண்டும். 2020இல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. முந்தைய ஆண்டு அரசுப் பள்ளிகளிலிருந்து சேர்ந்தவர்கள் ஒற்றை இலக்கம். அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து நானூறுக்கு மேல். ஒரே ஆண்டில் நானூறு ஏழைப் பிள்ளைகளுக்குத் திடீரென்று உள்ளுக்குள் நெருப்பு பற்றிக்கொண்டதா? ஒரு சட்டம் வந்தது. இடம் கிடைத்தும் தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் சிலர் திரும்பியபோது, கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆர்வம் அதற்கு முன்பும் இருந்தது, வழிதான் இல்லை.

அம்பேத்கரையே இவர்கள் தன்னம்பிக்கைக் கதையாக்கிவிட்டார்கள். தெருவிளக்கில் படித்தார், விடாமல் முயன்றார், உயர்ந்தார் என்று முடித்துவிடுகிறார்கள். 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறியது பரோடா அரசின் உதவித்தொகையில். அதற்கு ஈடாகப் பரோடாவில் பணி செய்ய ஒப்பந்தம். 1917இல் திரும்பி வந்து வேலையில் சேர்ந்தபோது, அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்த அந்த மனிதருக்கு அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். கண்டுபிடித்துவிட்டுத் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. வேலையை விட்டுவிட்டு பம்பாய் திரும்பினார். படிப்பு இருந்தது, வேலை இருந்தது, ஆர்வத்துக்குக் குறைவில்லை. படுக்க இடம் தர மறுத்தது சாதி. மேடைகளில் இந்தப் பகுதியை விட்டுவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இதைச் சொன்னால் குற்றவாளி கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்.

இன்றைக்கும் ஒன்றிய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 20 இடங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பழங்குடிகள் 10 கோடிக்கு மேல். பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஒன்றிய அரசின் உறைவிடப் பள்ளிகளுக்கு வைத்திருக்கும் பெயர் ஏகலைவன். கட்டை விரலை வாங்கிக்கொண்ட கதையில் பெயரை எடுத்துப் பள்ளிக்கு வைக்கும் தைரியம் வேறு யாருக்கு வரும்!

இப்போது எங்கள் பக்கத்து மலைகளிலிருந்து நல்ல செய்திகள் வருகின்றன. ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த மலையாளிப் பெண் ஸ்ரீபதி, பிரசவம் ஆன சில நாட்களில் தேர்வு எழுதி உரிமையியல் நீதிபதியானார். 2024இல் பச்சைமலை மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கல்வராயன்மலை கருமந்துறை மாணவி சென்னை ஐ.ஐ.டி.க்குப் போனார். எங்கள் ஊரில் இந்தச் செய்திகளைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஆனால் தலைப்பைக் கவனியுங்கள். 'முதல் பழங்குடிப் பெண்', 'அறுபது ஆண்டுகளில் முதல் முறை'. இதை எழுதுகிறவர்களுக்கு இது பாராட்டு. எனக்கு இது குற்றப்பத்திரிகை. அறுபது ஆண்டுகளாக அந்தக் கதவைத் தாண்டி யாரும் போகவில்லை என்றால் அத்தனை தலைமுறைக்கும் ஆர்வக் குறைபாடா? என்.ஐ.டி.க்கும் ஐ.ஐ.டி.க்கும் போன இந்த இரு மாணவிகளும் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள், இடஒதுக்கீட்டில் போனவர்கள். ஒரு பெண் ஏறியதைக் காட்டி மற்ற பிள்ளைகளிடம், அவளால் முடிந்தது உன்னால் ஏன் முடியவில்லை என்று கேட்கும் அயோக்கியத்தனம் மட்டும் வேண்டாம்.

இதிலும் ஒரு வேடிக்கை. கருமந்துறை மலையாளி பழங்குடி, நாங்கள் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளி பழங்குடி அல்ல. பட்டியலில் மாவட்டப் பெயர்களோடு எங்கள் பெயரை எழுதியபோது அன்றைய கோவை மாவட்டம் விடுபட்டதன் விளைவு. அந்தப் பிள்ளைகளிடம் போய் எந்தப் பேச்சாளர் நெருப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வார்? 2022 அக்டோபரில் மலைக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு தந்தை, மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தனக்கே தீ வைத்துக்கொண்டு இறந்தார். நெருப்பு என்ற சொல்லை மேடையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. பழங்குடிகள் அவர்களின் மரபை விட்டுவிடக் கூடாது, சாமையும் தினையும் பயிரிட்டுக்கொண்டு இயற்கையோடு வாழ வேண்டும் என்கிறது. பெங்களூரில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே நிலம் வாங்கித் தினை விதைப்பவருக்கு 'கனவைத் துரத்தியவர்' என்று பத்திரிகையில் முழுப் பக்கம். அதே வேலையை அம்பது வருடம் செய்த என் அப்பாவுக்கு அரசுக் கோப்பில் 'பின்தங்கியவர்'. அவர் தினையை விட்டுக் குச்சிக்கிழங்குக்கு மாறியது பேராசையால் அல்ல. சேகோ ஆலைக்காரன் பாயிண்ட் குறைவு என்று விலையை அடித்தாலும் கையில் காசு வந்தது. மற்றபடி எங்கள் ஆட்கள் மிளகு பறிக்கக் கேரளத்துக்கும் காப்பித் தோட்டத்துக்குக் குடகுக்கும் போகிறார்கள். ஐ.டி.காரரிடம் திரும்பிப் போக ஒரு வேலை இருக்கிறது. அந்தத் திரும்பிப் போகும் வழிதான் அவருடைய விவசாயத்தைக் கனவாக்குகிறது. அது இல்லாதவனுக்கு விவசாயம் பிறப்பு விதி.

1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததும் இதே மனம்தான். பெரியாரும் திராவிடர் கழகமும் தெருவில் இறங்கிப் போராடியதில் மறு ஆண்டே காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா என்ற பெயரில் 18 கைத்தொழில்களுக்குக் கடன் என்று மறுபடி வந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கக் கேட்டு, தமிழ்நாடு அரசு அந்த வடிவில் அதை ஏற்க மறுத்தது சரியான செயல். தினை விதைக்க விரும்புகிறவன் விதைக்கட்டும். விரும்பாதவன் விண்வெளி படிக்கட்டும். மேடைக்காரருக்கும் மரபுக்காரருக்கும் நடுவில் எங்கள் பிள்ளை இரண்டில் எதையும் தானாக முடிவு செய்ய முடியாமல் நிற்கிறது.

கடைசியாக எங்கள் ஆட்களிடமே ஒன்று கேட்க வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி நாம் என்று கதை சொல்லி, பெயருக்குப் பின்னால் கவுண்டர் போட்டுக்கொள்கிறோம். சலுகைக்குப் பழங்குடி, பெருமைக்குக் கவுண்டரா? மேலே இருப்பவன் நம்மை அடுக்கில் கீழே வைத்தால் வலிக்கிறது என்றால், நமக்குக் கீழே என்று நாம் யாரையோ வைப்பது எந்த நியாயம்? அடுக்கில் ஒரு படி ஏறிவிட்டதாக நினைக்கிறவன் தன் வீட்டுப் பெண்ணைத்தான் முதலில் பூட்டுவான். பன்னிரண்டாவது முடித்த பெண் ராசிபுரம் கல்லூரிக்குப் போகக் கேட்டால், விடுதியில் யாரோடு பழகுவாளோ என்று ஊர்க்கவுண்டர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசுகிறோம். பேருந்து கேட்டு ஆட்சியரிடம் மனு கொடுக்க நானும் வருகிறேன். மாலையில் மலைக்கு இன்னொரு வண்டி, மேல்நிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியர்கள், பெண்களுக்குக் கீழே அரசு விடுதியில் கூடுதல் இடம் என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். கையெழுத்துப் போடும் அப்பாக்கள் அந்தத் திண்ணைப் பேச்சையும் அன்றோடு நிறுத்த வேண்டும்.